எந்திரனியல் ஆய்வுக்கழகம், கார்னிகி மெலன் பல்கலைக்கழகம்

எந்திரனியல் ஆய்வுக்கழகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரில் அமைந்துள்ள கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மற்றும் கல்வி நிறுவனம் ஆகும். இது 1979 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பள்ளியில் ஒரு துறையாக இயங்கி வருகிறது. எந்திரனியல் எனப்படும் ரோபாட்டிக்ஸ் துறையில் முனைவர் பட்டம் வழங்கும் படிப்பை 1988 இல் இக்கழகம் தொடங்கியது. இத்துறைக்கெனத் தனியாக உருவான முதல் முனைவர் படிப்பு இதுவே எனக் கருதப்படுகிறது.

எந்திரனை ஆய்வுக்கூடத்திற்குள் வைத்து ஆராய்வதோடு நில்லாமல், அதை முழுமையான பொறியாகக் கட்டி, அணு உலை, எரிமலை, பாலைவனம், கைவிடப்பட்ட சுரங்கம் போன்ற உண்மையான இடங்களுக்கு அனுப்பிச் சோதிப்பது இக்கழகத்தின் தனி இயல்பாகும். இவ்வாறு அனுப்பப்பட்ட பொறிகளுள் பல பாதியில் நின்றன, சில கவிழ்ந்தன. அத்தோல்விகளிலிருந்து பெற்ற பாடங்களே அடுத்த பொறிக்கும், மாணவர்களின் பாடத்திட்டத்திற்கும் அடிப்படையாயின.

தோற்றம்

பிட்ஸ்பர்க் நகரம் எஃகுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் அத்தொழில் பெரும் சரிவைக் கண்டது. ஆலைகள் மூடப்பட்டன, பல்லாயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதே காலத்தில் சப்பானியத் தொழிற்சாலைகள் எந்திரன்களைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. அமெரிக்கத் தொழில்துறையின் உற்பத்தித் திறனை எவ்வாறு உயர்த்துவது என்ற கேள்வி அன்று முதன்மை பெற்றிருந்தது. இப்பின்னணியில்தான் எந்திரனியல் ஆய்வுக்கழகம் தோன்றியது. பிட்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தொடக்க நிதியை வழங்கியது. அப்போது பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்த ஏஞ்சல் ஜோர்டன் இதன் உருவாக்கத்தில் முக்கிய பங்கு வகித்தார்.

கழகத்தின் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி ஆவார். இவர் 1937 இல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள காட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று 1958 இல் பட்டம் பெற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1966 இல் முனைவர் பட்டமும் பெற்றார். கணினி மனிதப் பேச்சைப் புரிந்துகொள்வது பற்றிய இவரது ஆய்வுகள் முன்னோடியானவை. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் டூரிங் விருதை 1994 இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் இணைந்து பெற்றார்.

கணினியியலாளர், இயந்திரப் பொறியாளர், மின்னியல் பொறியாளர், கணிதவியலாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றும் அமைப்பாகக் கழகம் தொடக்கத்திலேயே வடிவமைக்கப்பட்டது. ஓர் எந்திரனுக்கு உணர்தல், சிந்தித்தல், செயல்படுதல் ஆகிய மூன்றும் தேவை. இவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்தவரால் முழு எந்திரனை உருவாக்க இயலாது என்பதே இவ்வமைப்பின் காரணம் ஆகும்.

கள எந்திரனியல்

தொழிற்சாலைக்கு வெளியே, ஒழுங்கற்ற இயற்கைச் சூழலில் இயங்கும் எந்திரன்களைப் பற்றிய பிரிவு கள எந்திரனியல் எனப்படும். தொழிற்சாலையில் எந்திரனுக்கு ஏற்றவாறு சூழலை மாற்றி அமைக்கலாம். களத்தில் அது இயலாது. எந்திரனே சூழலுக்கு ஏற்ப மாற வேண்டும். இப்பிரிவை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் விட்டேக்கர். செந்நிறத் தலைமுடியால் இவர் "ரெட்" விட்டேக்கர் என அழைக்கப்படுகிறார். கள எந்திரனியல் மையம் 1983 இல் இவரால் நிறுவப்பட்டது.

திரீ மைல் தீவு

பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் 2 ஆவது உலையில் 1979 மார்ச் 28 அன்று விபத்து ஏற்பட்டது. உலையின் உட்பகுதி ஓரளவு உருகியது. உலைக் கட்டிடத்தின் அடித்தளத்தில் கதிரியக்கம் கலந்த நீர் தேங்கியது. அங்கு மனிதர் நுழைந்து பணியாற்ற இயலாத அளவுக்குக் கதிர்வீச்சு இருந்தது. அடித்தளத்தின் நிலை என்ன என்பதே தெரியாமல் தூய்மைப் பணியைத் திட்டமிட முடியவில்லை.

விட்டேக்கரின் குழு இதற்கெனத் தொலைவிலிருந்து இயக்கப்படும் சக்கர ஊர்தி ஒன்றை உருவாக்கியது. படக்கருவிகளும் விளக்குகளும் பொருத்தப்பட்ட அவ்வூர்தி 1984 இல் அடித்தளத்துக்குள் இறக்கப்பட்டது. பணியாளர்கள் பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து, கம்பிவடம் வழியாக அதை இயக்கினர். விபத்துக்குப் பின் எவரும் காணாத பகுதிகளின் படங்கள் இவ்வாறு கிடைத்தன. பின்னர் சுவரைத் துளைத்துக் கற்காரை மாதிரிகளை எடுக்கும் கருவியும் உருவாக்கப்பட்டது. கதிரியக்கம் சுவருக்குள் எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது என்பதை அறிய அம்மாதிரிகள் உதவின.

இவ்வூர்தி தானாக எதையும் முடிவு செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும், உள்ளே சென்றால் பழுது பார்க்கத் திரும்ப வர முடியாத ஓர் இடத்துக்குப் பொறியை எவ்வாறு வடிவமைப்பது என்ற பாடத்தை இப்பணி கற்பித்தது.

டான்டே

எரிமலை வாயில் வெளிப்படும் வளிமங்களை ஆராய்வதன் மூலம் எரிமலையின் உள்நிலையை அறியலாம். ஆனால் இப்பணி ஆபத்தானது. 1993 இல் மட்டும் இரு வேறு நிகழ்வுகளில் எட்டு எரிமலையியலாளர்கள் உயிரிழந்தனர். இப்பணியை எந்திரன்களால் செய்ய இயலுமா என்பதை அறிய நாசாவின் ஆதரவுடன் டான்டே என்னும் எட்டுக்கால் எந்திரன் உருவாக்கப்பட்டது. மலையேறுவோர் கயிற்றைப் பற்றி இறங்குவதைப் போல, எரிமலை வாயின் விளிம்பில் கட்டப்பட்ட வடத்தைப் பற்றிக்கொண்டு இது செங்குத்தான சரிவில் இறங்கும்.

முதல் டான்டே 1993 சனவரியில் அண்டார்க்டிக்காவின் எரெபஸ் எரிமலையில் இறக்கப்பட்டது. அது சில மீட்டர்கள் மட்டுமே இறங்கிய நிலையில், தகவல்களைக் கொண்டு செல்லும் ஒளியிழை வடம் அறுந்தது. பயணம் அத்துடன் முடிவுற்றது. கால்களும் கணிப்பொறியும் பழுதின்றி இருந்தபோதும், ஒரு மெல்லிய இழை முழுத் திட்டத்தையும் நிறுத்தியது.

திருத்தி வலுப்படுத்தப்பட்ட இரண்டாம் டான்டே 1994 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அலாஸ்காவின் ஸ்பர் எரிமலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஸ்பர் எரிமலை 1992 இல் வெடித்திருந்தது. ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ள ஆங்கரேஜ் நகரிலிருந்து ஆய்வாளர்கள் எந்திரனைக் கண்காணித்தனர். எரிமலை வாயின் அடிப்பகுதியை அடைந்த டான்டே, அங்கிருந்து வெப்பநிலை, வளிமங்கள் பற்றிய தரவுகளையும் படங்களையும் அனுப்பியது. மேலே ஏறி வரும் வழியில் சரிவில் நிலை தடுமாறிக் கவிழ்ந்தது. எனினும் அதன் அறிவியல் பணி அதற்கு முன்பே நிறைவுற்றிருந்ததால் இப்பயணம் வெற்றியாகவே கருதப்படுகிறது.

நோமாட்

நான்கு சக்கரங்கள் கொண்ட நோமாட் என்னும் ஊர்தி 1997 இல் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 200 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்தது. உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றான அட்டகாமா, செவ்வாய்க் கோளின் தரையுடன் ஒப்பிடப்படுவது ஆகும். பின்னர் 2000 சனவரியில் இதே ஊர்தி அண்டார்க்டிக்காவின் பனிவெளியில் கற்களை ஆராய்ந்து, அவற்றுள் விண்கற்கள் எவை எனத் தானே இனங்கண்டது.

கைவிடப்பட்ட சுரங்கங்கள்

2002 சூலை 24 அன்று பென்சில்வேனியாவின் கியூகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தவர்கள், அருகில் இருந்த கைவிடப்பட்ட வேறொரு சுரங்கத்தின் சுவரை அறியாமல் உடைத்தனர். அதில் தேங்கியிருந்த நீர் பாய்ந்து வந்ததால் ஒன்பது தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கிக்கொண்டனர். மூன்று நாட்களுக்கும் மேலான போராட்டத்தின் பின் ஒன்பது பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். பழைய சுரங்கத்தின் எல்லையைச் சரியாகக் காட்டும் நிலவரை இல்லாததே விபத்துக்குக் காரணம் ஆகும்.

இந்நிகழ்வைத் தொடர்ந்து, கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் சென்று நிலவரை வரையும் எந்திரன் ஒன்றை உருவாக்கும் பணி தொடங்கியது. நகரும் எந்திரன்களை உருவாக்கும் பாடவேளையில் பயின்ற மாணவர்கள் இதனைக் கட்டினர். கிரவுண்ட்ஹாக் என இதற்குப் பெயரிடப்பட்டது. இது நிலத்தில் வளை தோண்டி வாழும் ஒரு விலங்கின் பெயர். ஏறத்தாழ 700 கிலோகிராம் எடை கொண்ட இவ்வூர்தி, லேசர் (சீரொளி) கதிர்களைச் சுற்றிலும் செலுத்தி, அவை சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவை அளக்கும். நிலத்தடியில் வானொலி அலைகள் நெடுந்தொலைவு செல்வதில்லை. செயற்கைக்கோள் வழி இடங்காட்டியும் இயங்காது. ஆகவே எந்திரன் முழுவதும் தன் முடிவுகளைத் தானே எடுக்க வேண்டியிருந்தது.

2003 மே 30 அன்று பிட்ஸ்பர்க் அருகே உள்ள மேத்திஸ் சுரங்கத்துக்குள் கிரவுண்ட்ஹாக் அனுப்பப்பட்டது. அது 308 மீட்டர் சென்றபின், கூரையிலிருந்து முறிந்து தொங்கிய கம்பி ஒன்று வழியை அடைத்திருந்ததைக் கண்டறிந்தது. முன்னே செல்ல இயலாது எனத் தானே முடிவு செய்து பின்வாங்கத் தொடங்கியது. சுரங்கத்தைக் கடந்து மறுபக்கம் வெளிவருவதே திட்டமாக இருந்தபோதிலும், மனித உதவியின்றித் திரும்ப வேண்டிய தருணத்தை எந்திரன் உணர்ந்தது இப்பயணத்தின் முக்கிய பலனாகக் கருதப்பட்டது.

தானோட்டி ஊர்திகள்

நேவ்லேப்

ஓட்டுநர் இன்றித் தானே செல்லும் ஊர்திகளைப் பற்றிய ஆய்வு கழகத்தில் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கியது. 1986 இல் உருவாக்கப்பட்ட நேவ்லேப் 1 என்பது ஒரு செவ்ரோலே கூண்டு வண்டி ஆகும். அக்காலக் கணினிகள் பெரியவை என்பதால், வண்டியின் உட்பகுதி முழுவதும் கணினி அடுக்குகளால் நிறைந்திருந்தது. ஆய்வாளர்களும் அதனுள்ளேயே அமர்ந்து பணியாற்றினர். தொடக்கத்தில் நடை வேகத்தில் சென்ற இவ்வண்டி, 1980களின் இறுதியில் மணிக்கு ஏறத்தாழ 32 கி.மீ. வேகத்தை எட்டியது.

இவ்வண்டியில் சோதிக்கப்பட்ட முறைகளுள் ஆல்வின் குறிப்பிடத்தக்கது. இது டீன் பாமர்லோ 1980களின் இறுதியில் உருவாக்கிய செயற்கை நரம்பணு வலையமைப்பு ஆகும். சாலையின் கோடுகளை எவ்வாறு கண்டறிவது என இதற்கு விதிகள் எழுதப்படவில்லை. மனிதர் வண்டியை ஓட்டும்போது, படக்கருவி காட்டும் சாலையையும் ஓட்டுநர் சுக்கானைத் திருப்பும் அளவையும் ஒருசேரக் கவனித்து அது கற்றுக்கொண்டது. அதற்கு அளிக்கப்பட்ட படம் 30க்கு 32 புள்ளிகள் அளவே கொண்டது.

இம்முறையில் ஒரு சிக்கல் எழுந்தது. நன்கு ஓட்டும் மனிதர் எப்போதும் சாலையின் நடுவிலேயே செல்வார். ஆகவே, வண்டி ஓரம் விலகினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வலையமைப்புக்கு எடுத்துக்காட்டே கிடைக்காது. சிறு பிழை ஏற்பட்டால் அதிலிருந்து மீள அதற்குத் தெரியாது. இதனைத் தீர்க்க, கிடைத்த படங்களைக் கணினியில் இடமும் வலமும் நகர்த்தி, விலகிய நிலைக்கான செயற்கைப் படங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கு ஏற்ற திருத்தமும் கற்பிக்கப்பட்டது. பிழையின்றிச் செயல்படுபவரைப் பார்த்துக் கற்றால் மட்டும் போதாது, பிழையிலிருந்து மீள்வதையும் கற்க வேண்டும் என்ற இக்கருத்து இன்றும் இயந்திரக் கற்றல் ஆய்வில் முக்கியமானதாக உள்ளது.

1995 இல் நேவ்லேப் 5 என்னும் ஊர்தி பிட்ஸ்பர்க்கிலிருந்து கலிபோர்னியாவின் சான் டியேகோ வரை ஏறத்தாழ 4,585 கி.மீ. பயணம் செய்தது. இத்தொலைவில் 98.2 விழுக்காட்டுக்குச் சுக்கானைக் கணினியே இயக்கியது. வேகத்தையும் நிறுத்தத்தையும் மட்டும் மனிதர் கவனித்துக் கொண்டனர்.

டார்ப்பா போட்டிகள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா, தானோட்டி ஊர்திகளுக்கென மூன்று போட்டிகளை நடத்தியது. மூன்றிலும் கார்னிகி மெலன் பல்கலைக்கழகக் குழு பங்கேற்றது.

முதற் போட்டி 2004 மார்ச் 13 அன்று மொகாவி பாலைவனத்தில் நடைபெற்றது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 228 கி.மீ. ஆகும். எந்த ஊர்தியும் இலக்கை அடையவில்லை. விட்டேக்கர் குழுவின் சாண்ட்ஸ்டார்ம் ஏறத்தாழ 12 கி.மீ. சென்று, ஒரு கூர்மையான வளைவில் மண்மேட்டில் சிக்கி நின்றது. அன்று மிக அதிகத் தொலைவு சென்றது அதுவே.

இரண்டாம் போட்டி 2005 அக்டோபர் 8 அன்று நடைபெற்றது. ஐந்து ஊர்திகள் 212 கி.மீ. தொலைவை முழுமையாகக் கடந்தன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி முதலிடம் பெற்றது. கார்னிகி மெலனின் சாண்ட்ஸ்டார்ம் 11 நிமிட வேறுபாட்டில் இரண்டாம் இடத்தையும், ஹைலேண்டர் மூன்றாம் இடத்தையும் பெற்றன. ஸ்டான்லியை உருவாக்கிய குழுவின் தலைவர் செபாஸ்டியன் துருன், 2003 வரை கார்னிகி மெலனில் பணியாற்றியவர். கிரவுண்ட்ஹாக் பணியிலும் பங்கு கொண்டவர் ஆவார்.

போட்டியின் பெரும்பகுதியில் முன்னணியில் இருந்த ஹைலேண்டரின் பொறி இடையில் வலுவிழந்தது. அன்று அதன் காரணம் விளங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2017 இல், அவ்வூர்தியைக் காட்சிக்கு வைத்திருந்தபோது தற்செயலாக உண்மை தெரிந்தது. பொறியின் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கும் எரிபொருள் செலுத்திகளுக்கும் இடையில் இருந்த ஒரு சிறு மின்வடிப்பான் பழுதடைந்திருந்தது. அதை அழுத்தியபோதெல்லாம் பொறி வலுவிழந்தது.

மூன்றாம் போட்டி 2007 நவம்பர் 3 அன்று கலிபோர்னியாவின் விக்டர்வில்லில், பயன்பாட்டில் இல்லாத வான்படைத் தளம் ஒன்றில் நடைபெற்றது. இம்முறை ஊர்திகள் நகரச் சாலைகளைப் போன்ற சூழலில், பிற வண்டிகளுக்கு இடையே, போக்குவரத்து விதிகளைப் பின்பற்றிச் செல்ல வேண்டியிருந்தது. கார்னிகி மெலனின் பாஸ் என்னும் ஊர்தி முதலிடம் பெற்று 20 இலட்சம் டாலர் பரிசை வென்றது. புறப்படும் இடத்தின் அருகே இருந்த பெரிய தொலைக்காட்சித் திரை அதன் இடங்காட்டிக் கருவிக்கு இடையூறு விளைவித்ததால், அன்று அது தாமதமாகவே புறப்பட்டது.

அடிப்படை ஆய்வுகள்

- பார்வை: தக்கியோ கனாடே 1980 இல் சப்பானிலிருந்து வந்து கழகத்தில் இணைந்தார். தொடர்ச்சியான இரு படங்களுக்கு இடையே ஒரு புள்ளி எவ்வளவு நகர்ந்துள்ளது எனக் கணக்கிடும் லூக்காஸ்-கனாடே முறை 1981 இல் வெளியானது. இன்றும் கணினிப் பார்வையைப் பயிலும் மாணவர்கள் முதலில் கற்கும் முறைகளுள் இது ஒன்றாகும். இவர் 1992 முதல் 2001 வரை கழகத்தின் இயக்குநராக இருந்தார். 2016 இல் கியோட்டோ பரிசு பெற்றார்.
- நிலவரை: ஹான்ஸ் மொராவெக், ஆல்பர்ட்டோ எல்ஃபெஸ் ஆகியோர் 1985 இல் கட்டவரை முறையை முன்வைத்தனர். எந்திரனைச் சுற்றியுள்ள இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் இருப்பதற்கான நிகழ்தகவைக் குறிப்பது இம்முறை ஆகும். உணரி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் நிகழ்தகவு திருத்தப்படும். தனித்தனி அளவீடுகள் பிழையுடையனவாக இருந்தாலும், பல அளவீடுகள் சேரும்போது நம்பகமான வரைபடம் கிடைக்கிறது.
- கை: ஹருஹிக்கோ அசாடா, கனாடே ஆகியோர் 1981 இல் நேரடி இயக்கக் கையை உருவாக்கினர். வழக்கமான எந்திரக் கைகளில் மின்னோடிக்கும் மூட்டுக்கும் இடையே பற்சக்கரங்கள் இருக்கும். அவற்றால் உராய்வும் தளர்வும் ஏற்படும். இக்கையில் மின்னோடி மூட்டிலேயே பொருத்தப்பட்டது. பொருள்களைப் பற்றுதல், தள்ளுதல் ஆகியவற்றின் இயக்கவியலை மாத்யூ மேசன் ஆராய்ந்தார்.
- கால்: மார்க் ரெய்பர்ட் 1980 இல் கால் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளித் தன் சமநிலையைக் காக்கும் எந்திரன் இங்கு உருவானது. இவ்வாய்வுக்கூடம் 1986 இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு இடம் பெயர்ந்தது. ரெய்பர்ட் 1992 இல் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.
- உருண்டை மேல் நிற்றல்: ரால்ஃப் ஹாலிஸ் 2006 இல் வெளியிட்ட பால்பாட், ஒரே ஓர் உருண்டையின் மீது நின்று சமநிலை காத்து நகரும் எந்திரன் ஆகும்.
- பாம்பு எந்திரன்கள்: ஹோவி சோசெட் குழுவினர் பல மூட்டுகளைத் தொடராக இணைத்து, இடுக்குகளில் ஊர்ந்து செல்லும் எந்திரன்களை உருவாக்கினர். 2017 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இடிந்த கட்டிடத்தின் இடிபாடுகளுக்குள் இவற்றுள் ஒன்று அனுப்பப்பட்டது. அங்கு உயிருடன் எவரும் காணப்படவில்லை.

இவ்வாய்வுகளின் பின்னணியில் மொராவெக் முரண் எனப்படும் கருத்து குறிப்பிடத்தக்கது. சதுரங்கம் ஆடுவது, தேற்றங்களை நிறுவுவது போன்ற, மனிதர் கடினமாகக் கருதும் செயல்களைக் கணினிக்குக் கற்பிப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் ஓராண்டுக் குழந்தை இயல்பாகச் செய்யும் பார்த்தல், நகர்தல், பொருளைப் பற்றுதல் ஆகியவற்றைக் கற்பிப்பது மிகக் கடினம். 1988 இல் வெளிவந்த தமது நூலில் மொராவெக் இதனை விளக்கினார்.

கல்வி

கழகம் முனைவர் பட்டப் படிப்புடன் மூன்று வகையான முதுநிலைப் படிப்புகளையும் வழங்குகிறது. எந்திரனியல் முதுநிலைப் படிப்பு ஆய்வை நோக்கமாகக் கொண்டது. எந்திரன் அமைப்பு உருவாக்கம் பற்றிய படிப்பு தொழில்துறைக்குச் செல்பவர்களுக்கானது. இதில் மாணவர்கள் குழுவாக இணைந்து ஒரு முழு எந்திரனைத் திட்டமிடல் முதல் செயல்விளக்கம் வரை உருவாக்க வேண்டும். மூன்றாவது படிப்பு கணினிப் பார்வைக்கு உரியது. இளநிலை மாணவர்களும் எந்திரனியலைத் துணைப்பாடமாகப் பயிலலாம்.

முனைவர் பட்டத்துக்கான பாடங்கள் நீண்ட காலமாக உணர்தல், அறிதல், செயல்படுதல், கணித அடிப்படைகள் என்னும் பிரிவுகளாக வகுக்கப்பட்டு வந்துள்ளன. இயந்திரப் பொறியியல் பயின்று வந்தவர் நிகழ்தகவையும், கணினியியல் பயின்று வந்தவர் விசையியலையும் கற்க வேண்டும் என்பதே இப்பகுப்பின் நோக்கம் ஆகும்.

மாணவர்களின் கைப்பணிக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஐரிஸ் என்னும் நிலவூர்தி. ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையுள்ள இதனைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்த மாணவர் அணிகள் உருவாக்கின. 2024 சனவரி 8 அன்று பெரிகிரின் என்னும் தரையிறங்கியுடன் இது விண்ணில் ஏவப்பட்டது. ஏவப்பட்ட சில மணி நேரத்தில் தரையிறங்கியில் எரிபொருள் கசிவு ஏற்பட்டதால், நிலவில் இறங்கும் வாய்ப்பு அற்றுப் போயிற்று. எனினும் பயணத்தின்போதே ஐரிஸ் இயக்கப்பட்டது. மாணவர்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து அதனுடன் தொடர்பு கொண்டனர். தரையிறங்கி 2024 சனவரி 18 அன்று புவியின் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. தாங்கள் கட்டிய ஊர்தி விண்வெளியில் சரியாக இயங்கியதை அறிந்த நிலையிலேயே மாணவர்கள் அதனை இழந்தனர்.

தேசிய எந்திரனியல் பொறியியல் மையம்

கழகத்தின் அங்கமான தேசிய எந்திரனியல் பொறியியல் மையம், நாசாவின் உதவியுடன் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டது. இது வளாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, பிட்ஸ்பர்க்கின் லாரன்ஸ்வில் பகுதியில், பழைய வார்ப்படச்சாலை ஒன்றைப் புதுப்பித்த கட்டிடத்தில் இயங்குகிறது. ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளை வேளாண்மை, சுரங்கம், பாதுகாப்பு முதலிய துறைகளில் பயன்படும் பொறிகளாக மாற்றுவது இதன் பணி ஆகும்.

2011 இல் சப்பானின் புக்குசிமா அணு உலையில் நிகழ்ந்த விபத்தைத் தொடர்ந்து, பேரிடர் இடங்களில் பணியாற்றும் எந்திரன்களுக்கென டார்ப்பா ஒரு போட்டியை நடத்தியது. 2015 சூனில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் இம்மையத்தின் சிம்ப் என்னும் எந்திரன் மூன்றாம் இடம் பெற்றது. அப்போட்டியில் கீழே விழுந்த எந்திரன்கள் பல. அவற்றுள் மனித உதவியின்றித் தானே எழுந்து பணியைத் தொடர்ந்தது சிம்ப் மட்டுமே.

தொழில்துறையுடனான உறவு

கழகத்தின் ஆய்வுகளுக்கு அரசு அமைப்புகளும் தனியார் நிறுவனங்களும் நிதி வழங்கி வருகின்றன. பாதுகாப்புத் துறையின் நிதி இவற்றுள் கணிசமானது. போர்க்கருவிகளுக்கும் பயன்படக்கூடிய ஆய்வைப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளலாமா என்ற விவாதம் இத்துறை முழுவதிலும் நிலவுவது ஆகும்.

ஆய்வாளர்களைத் தொழில்துறை ஈர்த்துக்கொள்வது மற்றொரு சிக்கல் ஆகும். 2015 இல் ஊபர் நிறுவனம் தானோட்டி ஊர்திகளுக்காகப் பிட்ஸ்பர்க்கில் ஒரு மையத்தைத் தொடங்கியது. தேசிய எந்திரனியல் பொறியியல் மையத்திலிருந்து ஏறத்தாழ 40 பேர் அங்குப் பணிக்குச் சென்றனர். பல ஆண்டுகளாகச் சேர்ந்த பட்டறிவு ஒரே நேரத்தில் வெளியேறினால் பொதுக் கல்வி நிறுவனத்தின் நிலை என்ன என்ற கேள்வியை இது எழுப்பியது. மறுபுறம், இதனால் அந்நகரில் புதிய தொழில் வளர்ந்தது என்றும் வாதிடப்பட்டது. ஊபர் தன் பிரிவை 2020 இறுதியில் அரோரா நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டது. அரோராவை நிறுவியவர்களுள் ஒருவர், பாஸ் ஊர்தியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கிறிஸ் அர்ம்சன் ஆவார். பிட்ஸ்பர்க்கில் 2016 இல் தொடங்கப்பட்ட ஆர்கோ நிறுவனம் 2022 இல் மூடப்பட்டது.

1984 இல் அணு உலையின் அடித்தளத்துக்குள் இறங்கிய ஊர்தியின் ஒவ்வொரு அசைவையும் மனிதரே முடிவு செய்தனர். 2003 இல் சுரங்கத்துக்குள் சென்ற ஊர்தி திரும்ப வேண்டிய தருணத்தைத் தானே அறிந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வளர்ச்சியே கழகத்தின் முதல் கால் நூற்றாண்டுப் பணியின் சுருக்கம் எனலாம்.

காலவரிசை

- 1979 - கழகம் நிறுவப்பட்டது
- 1984 - திரீ மைல் தீவு உலையின் அடித்தளத்தில் ஊர்தி இறக்கப்பட்டது
- 1986 - நேவ்லேப் 1
- 1988 - முனைவர் பட்டப் படிப்பு தொடக்கம்
- 1994 - ஸ்பர் எரிமலையில் இரண்டாம் டான்டே
- 1995 - நேவ்லேப் 5 இன் நாடு கடந்த பயணம்
- 2000 - அண்டார்க்டிக்காவில் விண்கற்களை நோமாட் இனங்கண்டது
- 2003 - மேத்திஸ் சுரங்கத்தில் கிரவுண்ட்ஹாக்
- 2007 - நகர்ப்புறப் போட்டியில் பாஸ் வெற்றி
- 2015 - பேரிடர் எந்திரன் போட்டியில் சிம்ப் மூன்றாம் இடம்
- 2024 - ஐரிஸ் விண்ணில் ஏவப்பட்டது

இவற்றையும் பார்க்க

- எந்திரனியல்
- செயற்கை அறிவாண்மை
- கணினிப் பார்வை
- ராஜ் ரெட்டி
- திரீ மைல் தீவு விபத்து
- கிண்டி பொறியியல் கல்லூரி